ஏழு பேர் படுக்கலாம், ஏழு பேர் ஏறலாமா?

மோட்டார்ஹோம் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "எத்தன பேர் படுக்கலாம்?" அடுத்தது, "ஏர்கோன் இருக்கா?" அதற்கும் அடுத்தது விலை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வண்டியில் இன்னும் எத்தனை கிலோ ஏற்றலாம்? விற்கிறவர்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

என் அத்தான் கொஞ்ச நாளாகப் பெரிய மோட்டார்ஹோம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார். ஊர் சுற்றும் ஆசை மட்டும் காரணமில்லை. எங்கள் குடும்பம் மலேசியாவின் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. அங்கே இன்று ஒரு பால்மரம்கூட இல்லை, எல்லாம் செம்பனை. லயன்களை இடித்துப் பல வருடமாகிறது. ஆயாக் கொட்டகை, பால் கொட்டகை, பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. ஆடித் திருவிழாவுக்கு ஈப்போ, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று சிதறிப்போன குடும்பங்கள் எல்லாம் வந்து கூடுகின்றன. ஆனால் ராத்திரி தங்க இடம் கிடையாது. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்றபடியே பேசிவிட்டு, நடுச்சாமத்துக்கு முன் ஈப்போவுக்குத் திரும்பி, விடிந்ததும் மறுபடி ஓடுகிறோம். அத்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தான் பிறந்த லயன் இருந்த இடத்தில் ஒரு ராத்திரியாவது படுத்து எழ வேண்டும் என்பது அவருடைய ஆசை. அத்தான் வண்டி தேடுவது அதற்காக. அந்த ஆசை எனக்கும் பெரிது. அதனால்தான் எடைக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அவர் பார்த்து வைத்திருந்தது மினி பேருந்து ஒன்றை மாற்றிக் கட்டிய வண்டி. டொயோட்டா கோஸ்டர், மிட்சுபிஷி ரோசா போன்ற பேருந்துகளின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு உள்ளே வீடு கட்டுவார்கள். ஏழு மீட்டர் நீளம், பின்னால் இரட்டை டயர், நல்ல கனமான சட்டம். மோட்டார்ஹோமுக்குத் தோதான அடிவண்டிதான். விளம்பரத்தில் ஏழு படுக்கை, சமையல் மேடை, குளியலறை, கூரையில் சூரியத் தகடு, பின்னால் மோட்டார் சைக்கிள் தொங்கவிடத் தாங்கி என்று எல்லாம் இருந்தது. எடை மட்டும் இல்லை.

லோரியின் பக்கவாட்டில் இரண்டு எடைகள் பெயின்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று, சுமை இல்லாமல் வண்டியின் எடை. மற்றது, சுமையோடு சேர்த்து அந்த வண்டி எட்டக்கூடிய உச்ச எடை. சட்டம், அச்சு, ஸ்பிரிங், பிரேக், டயர் எல்லாவற்றையும் பார்த்து நிர்ணயித்த எல்லை இந்த இரண்டாவது எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் இடம். மனிதர்கள், தண்ணீர், கேஸ், அரிசி, பாத்திரம், துணிமணி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு மோட்டார்ஹோம் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடை ஏறலாம் என்று அச்சிட்ட சீட்டை அதில் ஒட்டியாக வேண்டும். நம் பட்டறைகளில் கட்டும் வண்டிகளில் அப்படி ஒரு சீட்டை எதிர்பார்க்க முடியாது. நாமேதான் கணக்குப் போட வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக ஒரு வண்டியைக் கற்பனையாக வைத்துக்கொள்கிறேன். உச்ச எடை 5,000 கிலோ. உள்ளே வீடு கட்டி முடித்து, டீசல் நிரப்பி, ஆள் யாரும் இல்லாமல் எடை மேடையில் ஏற்றினால் 4,380 கிலோ. மிச்சம் 620. கேட்கும்போது நிறைய இருப்பதுபோல் தெரியும். ஏழு பேர் ஏறுகிறார்கள், சின்னவர் பெரியவர் சேர்த்துச் சராசரி 65 கிலோ என்றால் 455 போய்விட்டது. மிச்சம் 165. தண்ணீர்த் தொட்டி 120 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. மிச்சம் 45. நம் வீடுகளில் இருக்கும் 14 கிலோ கேஸ் தோம்பு இரண்டு வைக்கிறோம். 14 என்பது உள்ளே இருக்கும் கேஸ் மட்டும்தான், இரும்புத் தோம்பையும் சேர்த்தால் ஒன்று ஏறக்குறைய 30 கிலோ வரும். இரண்டுக்கு 60. கணக்கு உச்ச எடையைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு தலையணைகூட ஏற்றவில்லை. கோயிலுக்குப் போகிறோம் என்றால் நம் வீட்டில் என்னவெல்லாம் ஏறும் என்று உங்களுக்குத் தெரியும்: அரிசி மூட்டை, குண்டான், இட்லிப் பானை, தேங்காய்ச் சாக்கு, மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, அண்டைவீட்டுப் பாட்டி.

அதாவது அந்த வண்டியில் ஏழு பேர் படுக்கலாம், ஏழு பேர் பயணம் போக முடியாது.

எடை எங்கிருந்து சேர்கிறது? பெரும்பாலும் பலகையிலிருந்துதான். எட்டுக்கு நான்கு அடியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று 30 கிலோ அளவுக்கு வரும். அலமாரி, கட்டில், தடுப்புச் சுவர் என்று பத்துப் பலகை போட்டால் 300 கிலோ அதிலேயே போய்விடும். வீட்டுச் சமையலறைக்கு அலமாரி கட்டிப் பழகிய தச்சர்கள் கனமான பலகைதான் உறுதி என்று நினைக்கிறார்கள். வீட்டில் அது சரி, வண்டியில் தவறு. தரையில் ஓடு, சமையல் மேடைக்குக் கல் என்று பதித்த வண்டிகளைக்கூடப் படங்களில் பார்த்தேன், பார்க்கவே நெஞ்சு அடைத்தது. பிறகு பேட்டரி. பழைய ஈய பேட்டரி 100 ஆம்பியர் மணி அளவில் ஒன்று 25 முதல் 30 கிலோ வரை வரும். அதே அளவு லித்தியம் பேட்டரி அதில் பாதிகூட வராது. விலை அதிகம்தான், ஆனால் பெரிய வண்டியில் நான்கு பேட்டரி இருக்கும் என்றால் அங்கே மட்டும் ஓர் ஆளின் எடையை மீட்டுவிடலாம். கூரை ஏர்கோன், வெளிக்கூடாரச் சுருள் எல்லாம் ஒவ்வொன்றும் முப்பது நாற்பது கிலோவைத் தலைமேல் ஏற்றுகின்றன. உச்சியில் எடை கூடக் கூட வளைவில் வண்டி சாய்வதும் கூடும்.

ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய மோட்டார்ஹோம் இலேசாகத்தானே இருக்கும் என்று அத்தான் கேட்டார். ஓரளவு உண்மை. அங்கே சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டும் வண்டிக்கு முழு எடை 3,500 கிலோ என்பது நெடுங்கால வரம்பு. அதனால் உற்பத்தியாளர்கள் கிலோ கிலோவாகச் செதுக்குகிறார்கள். ஆனால் அதே காரணத்தால் பெரிய வண்டிகளையும் அந்த 3,500க்குள் பதிவு செய்திருப்பார்கள். நான்கு பேரும் தண்ணீரும் ஏறினாலே வரம்பைத் தொட்டுவிடும் வண்டிகள் அவற்றில் ஏராளம். நீளமும் அழகும் எடை தாங்கும் சக்திக்குச் சான்று இல்லை.

எனவே, வண்டி உங்களுக்குப் பிடித்துவிட்டால் முன்பணம் கொடுப்பதற்கு முன் எடை மேடைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். இதில் பேராக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செம்பனை ஆலைகளில் எடை மேடை இருக்கிறது. கல் குவாரிகளில் இருக்கிறது. பழைய இரும்பு வாங்கும் பெரிய கொட்டகைகளில் இருக்கிறது. தனியார் வண்டியை அனுமதிப்பார்களா என்பது அந்தந்த இடத்து மேலாளரைப் பொறுத்தது, மரியாதையாகக் கேட்டால் சிறு கட்டணத்தில் எடை போட்டுச் சீட்டும் தருகிற இடங்கள் உண்டு. ஒரு முறை போட்டால் போதாது. முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தி ஓர் எடை. பிறகு முழு வண்டி. பிறகு முன் சக்கரம் மேடையை விட்டு இறங்கி, பின் சக்கரம் மட்டும் நிற்கும்போது ஓர் எடை. மேடையும் அதற்கு வெளியே உள்ள தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் மீறியிருக்கும் வண்டிகள்தான் அதிகம்.

எடை போட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டில் புதிதல்ல. பாட்டி பால் வெட்டியவர். காலையில் எடுத்த பாலைக் கொட்டகையில் நிறுத்து, கிராணி மெட்ரோலாக் கருவியை உள்ளே விட்டு, தண்ணீர் போக எவ்வளவு ரப்பர் என்று பார்த்துத்தான் கணக்கில் ஏற்றுவார். வாளி நிறைந்திருக்கிறது என்பதற்குக் கூலி கிடையாது, நிறுத்த எடைக்குத்தான். அப்பா அதே தோட்டத்தில் பால் லோரி ஓட்டினார். அத்தான் விளம்பரத்தைக் காட்டியதும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பின்னால எவ்ளோ நீட்டிருக்கு?"

அந்தக் கேள்வியை விளக்கியாக வேண்டும். பின் சக்கரத்துக்கும் பின்னால் வண்டியின் உடல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி நான்கு மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, வண்டியின் வாலில், ஓர் ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளைத் தொங்கவிடுகிறோம். அதன் எடை சுமார் 100 கிலோ. பின் அச்சு சுமப்பது 100 அல்ல, 150 கிலோ. கூடுதலாக வந்த 50 எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. கடப்பாரையால் கல்லை நெம்புகிற அதே கணக்குதான். முன் சக்கரம் இலேசாகிவிட்டால் ஸ்டியரிங் பிடிப்புக் குறையும், மழையில் வளைவு எடுக்கும்போது வண்டி நேராகப் போகப் பார்க்கும். முன் பிரேக்குக்கும் தரையில் பிடிப்புக் குறையும். பெரிய மோட்டார்ஹோம்களில் கட்டிலும் அதன் அடியில் சாமான் அறையும் பெரும்பாலும் பின்கோடியில்தான் இருக்கும். பெரிய இடம் காலியாக இருக்கிறதே என்று நாமும் அங்கேதான் எல்லாவற்றையும் அடைக்கிறோம். கனமான பொருள் எதுவானாலும் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தரையோடு தாழ்வாக வைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் குனிந்து பாருங்கள். வாலில் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

டயர் விஷயத்தில் நம் ஆட்கள் பட்டையை மட்டும் பார்க்கிறார்கள். டயரின் பக்கச் சுவரில் 121/120 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். 121 என்றால் அந்த டயர் தனியாக 1,450 கிலோ தாங்கும், 120 என்றால் இரட்டையாகப் போடும்போது ஒவ்வொன்றும் 1,400 கிலோ. எடைச் சீட்டில் வந்த அச்சு எடையோடு இதை ஒப்பிடுங்கள். இன்னோர் இடத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மோட்டார்ஹோம்கள் அதிகம் ஓடுவதில்லை, வெயிலில் நின்றுகொண்டே இருக்கும். பட்டை புதிதுபோல் இருக்கும், உள்ளே ரப்பர் காய்ந்து செத்திருக்கும். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுக் குறைந்த, அதிக எடை சுமக்கும், வயதான டயர் மதிய வெயிலில் பிளஸ் நெடுஞ்சாலையில் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, சூடேறி வெடிப்பதற்கு வேறு எதுவும் தேவையில்லை. அதிலும் முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங்கைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அனுபவப்பட்ட லோரி ஓட்டுநர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

இனி மலை. பேராவில் வண்டி வைத்திருப்பவர் மலையைத் தவிர்க்க முடியாது. சுங்கை சிப்புட்டுக்குப் போவதற்கே, நெடுஞ்சாலையில் போனால், ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கப்பாதை ஏற்றமும் இறக்கமும் இருக்கிறது. கேமரன் மலைக்குத் தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டிப் போகும் பழைய சாலை குறுகலும் வளைவுமாக இருக்கும். சிம்பாங் பூலாய் சாலை அகலம், அதனாலேயே வேகம் பிடிக்கும். 2010 டிசம்பர் 20ஆம் தேதி அந்தச் சாலையில் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகள் வந்த பேருந்து இறக்கத்தில் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். 2013 ஆகஸ்டில் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அந்தப் பேருந்தில் அனுமதித்ததைவிட அதிகம் பேர் இருந்தார்கள்.

ஏறும்போது எடை நம்மை எச்சரிக்கும். எஞ்சின் முனகும், வேகம் குறையும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். இறங்கும்போது எடை சத்தம் போடுவதில்லை. ஐந்து டன் வண்டி கேமரன் மலையிலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம் இறங்கி ஈப்போ சமவெளிக்கு வருகிறது. அந்த உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். எல்லாமே பிரேக்கில் வெப்பமாக இறங்கினால், 200 லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூடிய வெப்பம் அது. அதில் ஒரு பங்கைக் காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். எவ்வளவு பங்கை எஞ்சின் வாங்குகிறது என்பது நாம் போடும் கியரைப் பொறுத்தது. அரை டன் கூடுதல் எடை என்றால் பத்து சதவீதம் கூடுதல் வெப்பம். பிரேக் பட்டை ஓர் அளவுக்கு மேல் சூடானால் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. பழைய எண்ணெயில் ஈரம் ஏறியிருந்தால் அது சீக்கிரம் கொதிக்கும், குமிழி கட்டும், மிதிக்கும் கட்டை தரையைத் தொடும், வண்டி நிற்காது.

அப்பா அத்தானிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாப்ள, ஏத்தத்துல எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல எறங்கணும். மெதுவா போறோமேன்னு கூச்சப்படாத. பிரேக்க மிதிச்சிக்கிட்டே எறங்கக் கூடாது. நல்லா மிதி, வேகம் கொறஞ்சதும் விடு, அது ஆறட்டும். பொகஞ்ச வாசன வந்துச்சின்னா ஓரமா நிறுத்திட்டு தேத்தண்ணி குடி. கொழந்தைங்க அவசரப்படுத்துனா நீ அவசரப்படாத." ஆட்டோ கியர் வண்டியானாலும் கையால் கீழ் கியருக்கு மாற்ற முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். டீசல் மினி பேருந்துகளில் புகைக்குழாய் பிரேக் இருக்கும், அது வேலை செய்கிறதா என்று போர்மேனை வைத்துச் சோதிக்கவும் சொன்னார்.

எடையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 மே மாதம் தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழா. நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் கூடும் விழா. அங்கே பாதுகாப்புப் பணிக்கு ஈப்போவிலிருந்து கலகத் தடுப்புப் போலீஸார் போயிருந்தார்கள். பணி முடிந்து மே 13ஆம் தேதி காலையில் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, சிக்குஸ்–சுங்கை லம்பாம் சாலையில், கல் ஏற்றி வந்த லோரி ஒன்று அவர்கள் வண்டியில் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். நம் சாமி ஊர்வலம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் நின்றவர்கள். விசாரித்த சிறப்புக் குழு அந்த லோரியின் ஸ்டியரிங் பழுதையும், அனுமதித்த அளவுக்கு மேல் ஏற்றியிருந்த பாரத்தையும் சுட்டிக்காட்டியது. அந்தச் செய்தியை எங்கள் வீட்டில் வெகுநாள் பேசினோம். அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பாரம் கூடினால் ஸ்டியரிங் பெட்டியும் அச்சும் ஸ்பிரிங்கும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துதான் ஒருநாள் விடும் என்பது அவர் தொழிலில் கற்றது.

கல் லோரியையும் குடும்ப வண்டியையும் ஒன்றாகப் பேசலாமா என்று அத்தான் கேட்டார். எடையில் ஒப்பில்லைதான். ஆனால் லோரிக்காவது புஸ்பாகோம் நிலையத்தில் வாகனச் சோதனை, சாலையோர எடைச் சோதனை, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) தடுப்பு என்று ஏதாவது வழியில் யாராவது பார்க்கிறார்கள். வார இறுதியில் போகும் மோட்டார்ஹோமில் எத்தனை தேங்காய் மூட்டை இருக்கிறது என்று யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அங்கே சோதனை அதிகாரி நாம் மட்டும்தான்.

இருக்கைப் பட்டை பற்றி இரண்டு வார்த்தை. தெலுக் இந்தான் விபத்துக்கு ஒரு மாதத்துக்குள், ஜூன் 9ஆம் தேதி பின்னிரவில், ஜெர்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் நோக்கி வந்த பேருந்து கிரிக் அருகே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பயணிகள் பட்டை அணிவது கட்டாயமானது. மோட்டார்ஹோமில் பின்னால் இருப்பவர்கள் எங்கே உட்காருகிறார்கள்? பெரும்பாலும் பக்கவாட்டு சோபாவில், இல்லையென்றால் கட்டிலில் படுத்தபடி. பட்டை இருந்தாலும் அது பிளைவுட் பெட்டியில் திருகி வைத்த பட்டையாக இருந்தால் பயனில்லை, வண்டியின் சட்டத்தோடு பிணைந்திருக்க வேண்டும். எத்தனை பேருக்கு முன்னோக்கிய இருக்கையும் சட்டத்தில் பிணைத்த பட்டையும் இருக்கிறதோ, அத்தனை பேர்தான் அந்த வண்டியில் போகலாம். அத்தான் பார்த்த வண்டியில் அப்படி நான்கு இருக்கைகள்தான் இருந்தன. வண்டி ஓடும்போது கட்டிலில் ஒரு குழந்தைகூடப் படுக்கக் கூடாது என்று நான் சொன்னதற்கு அக்கா முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

லைசென்ஸ் பற்றியும் சுருக்கமாக. நம்மில் பலரிடம் இருக்கும் டி வகுப்பு லைசென்ஸில், சுமையில்லாத எடை 3,500 கிலோவுக்கு மிகாத வண்டியைத்தான் ஓட்டலாம். நான் மேலே கணக்குப் போட்ட 4,380 கிலோ வண்டிக்கு அது செல்லாது, 5,000 கிலோ வரைக்குமான இ2 வேண்டும். உரிமம் இல்லாத வகுப்பில் ஓட்டி விபத்தானால் காப்புறுதி கைவிரிக்கும். உள்ளே செய்த மாற்றங்களுக்கு ஜேபிஜே அனுமதி இருக்கிறதா, பதிவு அட்டையில் உள்ள வகையும் எடையும் இப்போதைய வண்டிக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பேருந்தாக இருந்தபோது எழுதிய எடை, வீடாக மாறிய வண்டிக்குப் பொருந்தாது. இரட்டை டயர் வண்டிக்கு டோல் கட்டணமும் கார் கட்டணம் அல்ல, ஆறு சக்கரம் என்றால் இரண்டாம் வகுப்பு.

கடைசியாக எங்கள் தோட்டத்துப் பாலம். பெரிய சாலையிலிருந்து கோயிலுக்குப் போக ஒரு செம்மண் பாதை, நடுவில் ஓர் ஓடை, அதன்மேல் பழைய பாலம். பால் லோரி போன காலத்துப் பாலம் என்று அத்தான் தைரியமாக இருந்தார். அப்பாவுக்கு அந்தத் தைரியம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். அப்பா ஓடையில் இறங்கி, குனிந்து அடியில் பார்த்தார். ஒரு பக்கத் தாங்குசுவரின் அடியில் மண் அரித்துக் கால் நுழையும் அளவுக்குக் குழி. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எடை வரம்புப் பலகை எப்போதோ விழுந்து, கம்பம் மட்டும் நின்றது. இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வேறு பாதையில் சுற்றிப் போகின்றன என்று அங்கே இருந்த வேலையாள் சொன்னார். கோயிலுக்கு வருகிறவர்களின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும் அந்தப் பாலத்தில் ஓடுகின்றன. ஐந்து டன் வண்டியை அத்தையோடு அதன்மேல் ஏற்றுவது என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. குலை லோரி போகும் சுற்றுப்பாதை கோயிலின் பின்பக்கம் வரை வருகிறது. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

அத்தான் அந்த ஏழு படுக்கை வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விற்பவர் எடை மேடைக்கு வர மறுத்ததும் ஒரு காரணம். இப்போது பார்த்திருப்பது அதே நீளத்தில், உள்ளே பாதி காலியாக இருக்கும் வண்டி: இரண்டு கட்டில், அலுமினியச் சட்டத்தில் மெல்லிய பலகை, தண்ணீர்த் தொட்டி நடுவில், சட்டத்தோடு பிணைத்த ஐந்து இருக்கைகள். அத்தையும் மாமாவும் அத்தானும் அக்காவும் ஒரு பேரனும் அதில். நாங்கள் பின்னால் காரில், குண்டானும் அரிசியும் எங்களோடு. தண்ணீரைக் கோயில் குழாயில் பிடித்துக்கொள்ளலாம் என்பதால் தொட்டியைக் கால்பங்கு நிரப்பினால் போதும்.

அந்த வண்டியை ஒரு சனிக்கிழமை காலையில் எடை போட வேண்டும். ஈப்போவுக்கும் கோல கங்சாருக்கும் இடையில், சனிக்கிழமையில் தனியார் வண்டியையும் அச்சு வாரியாக எடை போட்டுச் சீட்டுத் தரும் ஆலையோ குவாரியோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் கீழே எழுதுங்கள். மேடையின் நீளத்தையும் சொன்னால் உதவியாக இருக்கும், ஏழு மீட்டர் வண்டி முழுதாக நிற்க வேண்டும்.